இண்டெக்ஸ் இரண்டு

“சர்வே நம்பரைச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அப்பா வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். சிவகாசிப் பக்கம் நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர் அவர். வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்ததும் நிலம் எந்தக் காட்டில் கிடக்கிறது, தாத்தா எப்படி வாங்கினார், அண்ணன் தம்பிக்குள் என்ன மனவருத்தம் என்று ஆதியிலிருந்து தொடங்குவார். அப்பா ‘ம்’ கொட்டிக்கொண்டே இருப்பார். பேனா மூடியைக் கழற்ற மாட்டார். கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு மூன்றும் வந்த பிறகுதான் பேனா திறக்கும்.

எனக்கு இருபது வருடமாக டேட்டாபேஸ் வேலை. இப்போது எல்லாமே கிளவுடில். கோடிக்கணக்கான வரிகள் கிடக்கும் ஓர் அட்டவணையில், கேட்டவுடன் கேட்ட வரி மட்டும் வந்து நிற்க வேண்டும். அதற்கு எதைச் சாவியாக வைப்பது, எந்தெந்தக் கேள்விக்கு இண்டெக்ஸ் கட்டுவது என்று முடிவு செய்வதுதான் என் அன்றாடம். சாவி தப்பாக அமைந்துவிட்டால் ஒரே ஒரு வரிக்காக மொத்த அட்டவணையையும் இயந்திரம் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும்; கிளவுடில் படித்த அளவுக்குப் பில் வரும். இந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்தேன். இதன் வரலாறு எங்கள் பக்கத்து ரிஜிஸ்டர் ஆபீஸ் பீரோக்களில் கிடந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எண் வருவதற்கு முன் நிலத்துக்கு அடையாளம் அதன் அண்டை அயல்தான். பழைய பத்திரங்களில் ‘செக்குபந்தி’ என்று ஒரு பத்தி இருக்கும். வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு, ஊருணிக் கரைக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, இந்த நான்கு மாலுக்குள்பட்ட நிலம். செப்பேடுகளும் கல்வெட்டுகளும் நிலத்தை இப்படித்தான் சொல்கின்றன. வாசித்தால் அந்தக் காடே கண்ணில் விரியும். தேடுவதற்குத்தான் உதவாது. அந்த இன்னார் காலமாகி, அவர் புஞ்சை மூன்றாகப் பிரிந்து ஒரு பங்கு கைமாறிவிட்டால், ஒட்டிய நிலத்தின் அடையாளமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

8ஆம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேட்டை நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். பாண்டியன் நெடுஞ்சடையனிடம் கொற்கைக்காரர் நற்சிங்கன் வந்து முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோர் நற்கொற்றனுக்குக் கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என்கிறார். அரசன் நாட்டாரை வைத்து அந்தப் பழமையை நிரூபிக்கச் சொல்கிறான். நிரூபித்த பிறகு ஊர் திரும்பக் கிடைக்கிறது. எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஒரு தானத்துக்கு வில்லங்கம் பார்த்த கதை இது. பார்க்க ஏடு இல்லை. நாட்டாரின் நினைவுதான் ஏடு.

இந்த நிலைமை மாறியது சர்வே எண்ணால். சென்னை மாகாணத்தில் நில அளவைக்கென்று 1858இல் தனித்துறை ஏற்பட்டது. கிராமம் கிராமமாகச் சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்துக்கொண்டே போனார்கள். ஜமீன் கிராமங்கள் பல, 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முழுதாக அரசுக் கணக்குக்குள் வந்தன. அந்த எண்ணை ஒரு டேட்டாபேஸ்காரன் கண்ணால் பாருங்கள். அதற்குள் உடமையாளர் பெயர் இல்லை. சாதி இல்லை, பயிர் இல்லை, தீர்வை இல்லை. ஆள் மாறினாலும் பருத்தி போய்ச் சோளம் வந்தாலும் எண் அப்படியே நிற்கும். நல்ல சாவிக்கு நாங்கள் சொல்லும் முதல் இலக்கணம் இதுதான்: மாறக்கூடிய எதையும் அதற்குள் வைக்கக் கூடாது.

நிலம் பிரிந்தால்? 45 என்ற புலம் இரண்டானால் 45/1, 45/2. அதில் இரண்டாவது பிரிந்தால் 45/2ஏ, 45/2பி. ஏ-யும் பிரிந்தால் 45/2ஏ1, 45/2ஏ2. எண், எழுத்து, எண் என்று மாறி மாறி வருவதால் எத்தனை தடவை பிரிந்தது என்பது எண்ணிலேயே தெரிகிறது. ‘45/2ஏ’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் எடுத்தால் அந்தத் தாய் நிலத்தின் பிள்ளைகள் அத்தனையும் வரிசையாக வந்துவிடும். முன்னொட்டை வைத்துத் தேடுவது என்று இன்று நாங்கள் வடிவமைப்பது இதைத்தான். சங்கிலி பிடித்த அந்தக் கூட்டத்தில் இதை யார் முதலில் யோசித்தாரோ, அவருக்கு என் வணக்கம்.

கிராமக் கணக்கில் ஒரே தகவலை இரண்டு வரிசையில் வைத்தார்கள். அ-பதிவேடு சர்வே எண் வரிசையில் ஓடும்: இந்த நிலம் யாருடையது என்பதற்கு அது பதில். சிட்டா பட்டாதாரர் வாரியாக இருக்கும்: இந்த ஆளுக்கு என்னென்ன நிலம் என்பதற்கு அது பதில். முதன்மை அட்டவணை ஒன்று, துணை இண்டெக்ஸ் ஒன்று. இரண்டையும் ஒத்துப்போக வைப்பது கிராமக் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் வேலை. எங்கள் பக்கத்துக் கர்ணங்களில் பலர் நோட்டைத் திறக்காமலே உட்பிரிவு வரை சொல்வார்கள் என்று அப்பா வியப்போடு சொல்வார். அதிலேயே ஆபத்தும் இருந்தது. தலைக்குள் இருக்கும் இண்டெக்ஸை வேறு யாராலும் சரிபார்க்க முடியாது. 1980 நவம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது, பல கிராமங்களில் நோட்டு வந்து சேர்ந்தது. தலைக்குள் இருந்தது வந்து சேரவில்லை.

வருவாய்த் துறைக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவின் உலகம் பதிவுத் துறை. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, பலமுறை மாற்றி எழுதப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதன் 51, 53, 55ஆம் பிரிவுகளை நான் என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதுண்டு.

51ஆம் பிரிவு, என்னென்ன புத்தகங்கள் வைக்க வேண்டும் என்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு 1ஆம் புத்தகம். பதிய மறுத்தால் அதன் காரணத்துக்கு 2. உயிலுக்கு 3. மற்றவற்றுக்கு 4. மூடி ஒப்படைத்த உயில்களுக்கு 5. 53ஆம் பிரிவு எண் கொடுக்கும் முறையைச் சொல்கிறது: ஒவ்வொரு புத்தகத்திலும் தொடர் எண், வருடம் முடிந்தால் தொடர் முடியும், புது வருடத்தில் மறுபடி 1. ஆகவே ஒரு பத்திரத்தின் முழு அடையாளம் அலுவலகம், புத்தகம், வருடம், எண் என்ற நான்கும் சேர்ந்தது. ‘1987ஆம் வருடம் 1ஆம் புத்தகம் 640ஆம் எண்’ என்று அப்பா மந்திரம் மாதிரி சொல்வாரே, அது நான்கு பகுதி கொண்ட கூட்டுச் சாவி. அலுவலகத்தை மட்டும் சொல்ல மாட்டார். அவர் அதற்குள்தான் நின்றுகொண்டிருப்பார்.

பத்திர எண் தெரிந்தவருக்கு இது போதும். நிலம் வாங்க வருகிறவருக்கு எண் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது விற்கிறவர் பெயரும் நிலமும் மட்டும்தான். அதற்குத்தான் 55ஆம் பிரிவு. இண்டெக்ஸ் 1, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என அத்தனை பேரின் பெயருக்கும். இண்டெக்ஸ் 2, சொத்தின் விவரத்துக்கு. இரண்டே கேள்விகள்: இந்த ஆள் என்னென்ன செய்திருக்கிறார், இந்த நிலத்துக்கு என்னென்ன நடந்திருக்கிறது. உயிலுக்கும் 4ஆம் புத்தகத்துக்கும் 3, 4 என்று வேறு இண்டெக்ஸ்கள் உண்டு. ஆனால் தேய்ந்து, முனை மடங்கி, பைண்டிங் பிரிந்து கிடந்தது எப்போதும் இண்டெக்ஸ் இரண்டுதான்.

பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். கட்டணம் கட்டிவிட்டு, மேசை மேல் அந்தத் தொகுதியை விரிப்பார். முதலில் கிராமம். பிறகு சர்வே எண் பத்தி. ஒரு மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் எண்களைத் தொட்டுக்கொண்டே இறங்குவார். பொருந்தும் வரி கிடைத்தால் பத்திர எண், தொகுதி, பக்கம் மூன்றையும் துண்டுத்தாளில் குறிப்பார். ஒரு வருடம் முடிந்ததும் அடுத்த வருடத் தொகுதி. முப்பது வருட வில்லங்கம் என்றால் இதே வேலை முப்பது தடவை. 1970இல் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவன ஆய்வகத்தில் இருந்து பி-ட்ரீ என்ற இண்டெக்ஸ் முறையை உருவாக்கினார்கள். இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை அதன் மேல்தான் நிற்கின்றன. மேலே ஒரு பக்கம், அது காட்டும் அடுத்த பக்கம், அது காட்டும் வரி. வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது.

இண்டெக்ஸ் ஒன்றில் அப்பாவுக்கு நம்பிக்கை குறைவு. காரணம் எங்கள் ஊர்ப் பெயர்கள். சாத்தூர் பக்கத்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர்! மாரிமுத்து, மாரியப்பன், மாரிச்சாமி, மாரியம்மாள், மாரீஸ்வரி. முனியசாமியும் முத்துவும் முருகேசனும் வேறு. பெயரின் முதல் எழுத்துக்கு இத்தனை பக்கம் என்று வருட ஆரம்பத்தில் ஒதுக்கினால், ‘ம’ சீக்கிரமே நிரம்பிவிடும். ‘ஞ’ வெள்ளைத் தாளாகவே கிடக்கும். ஒரே ஊரில் ஒரே இனிஷியலில் ஏழெட்டு மாரிமுத்து. எல்லாரையும் ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த ‘ம’ பக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளவுட் டேட்டாபேஸில் தகவல் ஒரே கணினியில் இருப்பதில்லை. சாவியின் முதல் பகுதியை வைத்துப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் வைக்கிறார்கள். அமேசானின் டைனமோடிபி 2012இல் வந்தது. அதில் ஒரு துண்டுக்கு வினாடிக்கு 1,000 எழுத்து அலகு, 3,000 வாசிப்பு அலகு என்று உச்சவரம்பு உண்டு. எல்லாரும் ஒரே துண்டையே தட்டினால் அது மூச்சுத் திணறும். மற்றவை சும்மா இருக்கும். சிவகாசியில் காலண்டர் அச்சிடும் ஓர் அச்சகத்துக்கு ஆர்டர் கணக்கு அமைத்தபோது நான் இதில் மாட்டிக்கொண்டேன். ஆடிப்பெருக்கன்று புது வருட ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் ஆர்டர் தேதியை முதல் சாவியாக வைத்திருந்தேன். ஆகவே சீசனில் ஒரு நாளின் மொத்த ஆர்டரும் ஒரே துண்டில் போய் முட்டியது. இன்னொரு குறை, அதைவிடப் பெரியது: அச்சகத்தில் தேதியைச் சொல்லி யாருமே கேட்பதில்லை. ‘இந்த டிசைன் நம்பர் இதுவரை எத்தனை ஏறியிருக்கு, தட்டு ஏத்தலாமா?’ என்பதுதான் மெஷின்காரரின் கேள்வி. அதற்கு என் அட்டவணை முழுக்கப் படித்தாக வேண்டியிருந்தது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். “‘ம’ நிறைஞ்சா ‘மா’வுக்கும் ‘மு’வுக்கும் தனித்தனியா பக்கம் போடுவாங்க. நீ அங்க வர்ற ஆளு என்ன கேக்கான்னு கேட்டியாப்பா?” என்றார். கேட்கவில்லை. பிறகு ஏஜெண்ட் எண்ணை முதல் சாவியாகவும் நேரத்தை வரிசைச் சாவியாகவும் மாற்றினேன். டிசைன் எண்ணுக்குத் தனி இண்டெக்ஸ் கட்டினேன். டீ ஆறும்வரை காக்கவைத்த பதில், கேட்டதும் வந்தது.

இண்டெக்ஸ் என்றால் இலவசம் என்று நினைக்கக் கூடாது. தேடும்போது மிச்சமாகும் உழைப்பை எழுதும்போதே கொடுத்தாக வேண்டும். ஏழு வாரிசுகள் சேர்ந்து 12 சர்வே எண்களைப் பாகம் பிரித்துப் பத்திரம் எழுதினால், அந்த ஒரு பத்திரத்துக்கு இண்டெக்ஸ் ஒன்றில் 7 வரி, இண்டெக்ஸ் இரண்டில் 12 வரி. மொத்தம் 19. முகூர்த்த நாளில் கூட்டம் நெரிய, மாலை ஐந்து மணிக்கு இதை எழுதும் எழுத்தரின் கையை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கையின் ஒரு தவறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. 1990களில் என் அத்தை, தன் நகைச்சீட்டுப் பணத்தோடு கடனும் வாங்கி 80 செண்ட் கரிசல் வாங்கினார். சர்வே எண்ணை 112/3பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவே மனுப் போட்டு வில்லங்கம் வாங்கினார். படிவம் 16 வந்தது, அதாவது வில்லங்கம் எதுவும் இல்லை. வில்லங்கம் இருந்தால் படிவம் 15 வந்திருக்கும். பத்திரம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஒருவர், அதே நிலத்துக்குத் தன்னிடம் முறையாகப் பதிந்த அடமானப் பத்திரம் இருப்பதாக வந்து நின்றார். பத்திரம் நிஜம். அப்பா இரண்டு நாள் பட்டினியாக இண்டெக்ஸைப் புரட்டினார். அந்த அடமானம் 112/8பி என்ற வரியில் இருந்தது. பத்திரத்தில் 3 என்று எழுதியிருந்ததை இண்டெக்ஸில் 8 என்று எடுத்து எழுதியிருந்தார்கள்.

சட்டம் இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை. பதிவான பத்திரம் அந்தச் சொத்தை வாங்குகிற எவருக்கும் தெரிந்ததாகக் கருதப்படும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. 1929இல் அதைத் திருத்தியபோது மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். பதிவு முறையாக முடிந்திருக்க வேண்டும். உரிய புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். 55ஆம் பிரிவின் இண்டெக்ஸில் விவரம் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இண்டெக்ஸ் தப்பு என்றால் ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே’ என்று வாங்கியவரைக் கேட்க முடியாது. ஓர் இண்டெக்ஸ் வரிக்கு இவ்வளவு கனம் கொடுத்த வேறொரு சட்ட வாசகத்தை நான் பார்த்ததில்லை. அத்தைக்காக இதை வாதாட வக்கீல் தயாராகத்தான் இருந்தார். கோர்ட்டுக்கு நடக்கத்தான் அத்தையிடம் தெம்பில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ராஜியாகப் போய், பாதிப் பணத்தைக் கொடுத்து அடமானத்தைத் தீர்த்தார். அதற்காகக் கழுத்துச் சங்கிலியை விற்றார். அதன் பிறகு அவர் சங்கிலி போட்டு நான் பார்க்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 112ஆம் எண்ணில் மொத்தமே ஐந்து உட்பிரிவுகள்தான். 8 என்று ஒன்று பூமியில் இல்லை. அ-பதிவேட்டை ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியே இருக்க முடியாது. ஆனால் அ-பதிவேடு தாலுகா ஆபீஸில், இண்டெக்ஸ் ரிஜிஸ்டர் ஆபீஸில். இல்லாத சாவியைச் சுட்டும் வரியை உள்ளே விடாதே என்று டேட்டாபேஸுக்கு நாங்கள் ஒரே வரியில் கட்டளை போட்டுவிடலாம். நான் எந்த அட்டவணை அமைத்தாலும் அந்தக் கட்டளையைத்தான் முதலில் எழுதுகிறேன்.

பெயர் மாற்றங்களையும் சொல்ல வேண்டும். சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த வருடம் ராமநாதபுரம் மாவட்டம் பிறந்ததும் அதில் சேர்ந்தது. விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்று. 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம் அமைத்தார்கள். 1997இல் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அது விருதுநகர் மாவட்டம் ஆனது. 2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி. ஒரே புஞ்சை அசையாமல் கிடக்க, அதன் பத்திரங்களில் மட்டும் நான்கு மாவட்டப் பெயர்கள். இடையில் 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா எண்கள் மாறின. நகரமாக வளர்ந்த இடங்களில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறு வரிசை வந்தது. கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறின; மாறிய தேதிக்கு முந்தைய வில்லங்கத்துக்குப் பழைய ஆபீஸுக்குத்தான் நடக்க வேண்டியிருந்தது. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை அப்பா சொந்தக் கையால் எழுதி, அட்டை போட்டு, அரிசி டின்னுக்குள் எலி கடிக்காமல் வைத்திருந்தார். மாறும் பெயரைச் சாவிக்குள் வைத்தால் என்ன பாடு என்பதற்கு அந்த நோட்டைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் வந்தது. 2000 வாக்கில் ஸ்டார் திட்டம், 2018இல் ஸ்டார் 2.0. இன்று வில்லங்கச் சான்றுக்கு விருதுநகரிலும் விண்ணப்பிக்கலாம், விர்ஜீனியாவிலும் விண்ணப்பிக்கலாம். பதிவுத் துறையும் வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ கணக்கும் ஒன்றையொன்று பார்க்கின்றன. என் அத்தைக்கு நேர்ந்தது இன்று அவ்வளவு சுலபமாக நேராது. இது பெரிய காரியம். ஆனால் சர்வே எண்ணைக் கணினிக்குள் கொண்டுவருவது லேசான வேலையில்லை என்பதை நான் கையால் தொட்டு அறிந்திருக்கிறேன். எழுத்தாகச் சேமித்தால் 45/1-க்கு அடுத்து 45/10 வந்து, 45/2 பின்னால் போய்விடும். எக்ஸலில் 4/2 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும்; ஒரு கிராமத்தின் நிலமெல்லாம் பிப்ரவரி, மார்ச் என்று கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புல எண், உட்பிரிவு எண், எழுத்து, அடுத்த எண் என்று தனித்தனிப் பத்திகளாகப் பிரித்து, எண்ணை எண்ணாகவே வைத்தால்தான் வரிசை நிற்கும். 2021இல் மத்திய அரசு 14 இலக்க நில அடையாள எண்ணைக் கொண்டுவந்திருக்கிறது. புலத்தின் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பிறக்கும் எண். மாவட்டப் பெயர் மாறினாலும் அது மாறாது. நல்ல முடிவு. ஆனால் 45/2ஏ1 தன் தாயைச் சொல்லும், இந்த 14 இலக்கம் சொல்லாது. ஆகவே எந்தப் புலத்திலிருந்து எது பிரிந்தது என்பதைத் தனிப் பத்தியாக எழுதி வைக்காவிட்டால், நூற்றைம்பது வருடமாகச் சேர்த்த ஒரு செல்வம் போய்விடும்.

இனி நான் சொல்ல வந்த கடைசி விஷயம். சொல்லக் கஷ்டமான விஷயமும் இதுதான்.

1908ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கேள்விகளுக்கு இண்டெக்ஸ் கட்டியது: ஆள், நிலம். எங்கள் கரிசல் பூமியில் மூன்றாவதாக ஒரு கேள்வி பின்னால் பிறந்தது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிம முறை ஏற்பட்ட பிறகு பட்டாசு ஆலைகள் பெருகின. மழை பொய்க்கும் காடு விலைபோனது. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி வேண்டும் என்பதால் ஓர் ஆலை பல சர்வே எண்களில் பரந்து கிடக்கும். உரிமத்தில் கிராமமும் சர்வே எண்ணும் இருக்கும், வரைபடத்தில் ஷெட் எண் இருக்கும். நிலம் யாருடையது என்று இண்டெக்ஸ் இரண்டு சொல்லிவிடும். இன்றைக்கு இந்த ஷெட்டுக்குள் வேலை நடத்துவது யார், உள்ளே இருப்பது யார் யார் என்று எந்த ஏடும் சொல்லாது.

குத்தகை ஒரு வருடத்தைத் தாண்டினால்தான் கட்டாயப் பதிவு. பதினொரு மாத ஒப்பந்தம் புத்தகத்துக்கே வராது. புத்தகத்தில் இல்லாததை எந்த இண்டெக்ஸாலும் காட்ட முடியாது. ஷெட் ஷெட்டாக உள்குத்தகைக்கு விடுவது உரிமத்துக்கே விரோதம் என்பதால் அதற்கு வெள்ளைத்தாள்கூட இருக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு பதிவேடு கேட்டது: தொழிலாளி பெயர், என்ன வேலை, எந்தக் குழு, எந்த ஷிப்டு. பெயரைச் சாவியாகக் கொண்ட ஏடு அது. எங்கள் ஊரின் இண்டெக்ஸ் ஒன்று. இடத்தைச் சாவியாகக் கொண்ட ஏட்டை யாரும் கேட்கவில்லை.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். பட்டாசு ஆலைகள் வெடித்த இந்த இரண்டு நாட்களையும் எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு விபத்திலும் அதே காட்சி. புகை அடங்கிய பிறகு ஆலை வாசலில் தாய்மார்கள் நிற்பார்கள். தங்கள் பிள்ளை எந்த ஷெட்டில் இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே அங்குமிங்கும் ஓடுவார்கள். சரியான சாவி இருந்தால் ஒரு வரியில் கிடைக்கும் பதில் அது. சாவி இல்லாததால் மொத்த அட்டவணையையும் படிக்கிறார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக.

ஆலை நடத்தும் அண்ணாச்சிமாரிடம் ஊர்க்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன். கிளவுட் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் ஷெட் எண், மூன்றாவதில் உள்ளே போகிறவர் பெயர், நான்காவதில் வீட்டுப் போன் நம்பர். காலையில் ஷெட் திறக்கும் முன் எழுதுங்கள். மத்தியானம் ஆள் மாறினால் மறுபடி எழுதுங்கள். அந்த நோட்டை ஆலைக்குள் வைக்காதீர்கள். கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் கையில் இருக்கட்டும்.